முதலில் எழுந்தவர்

“எல்லாரும் கைவிட்ட ஒன்றை நான் மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அம்மா?”

இப்படிக் கேட்டார் சிவசைலம்.

ஊர்திகள் செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் வேன் பிரிவுக்கு அவர் தலைவர். வயது ஐம்பத்தேழு. எதிரே பாயில் அமர்ந்திருந்த பூரணத்தம்மைக்கு நாற்பதுகூட நிறையவில்லை. ஆயினும், மேற்கு மலையடியில் இருந்த அந்தச் சிறு மடத்தைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

“எதை?” என்று கேட்டார் பூரணத்தம்மை.

“வேனை.”

அம்மை சிரிக்கவில்லை. மடத்தில் கேட்கும் கேள்வியா இது என்றும் சொல்லவில்லை.

“சொல்லுங்கள், ஐயா.”

“குடும்பமாக ஏறும் வேன் ஒன்று செய்கிறோம். அதே அடித்தட்டில், பின்னிருக்கைகள் இல்லாமல், தொழில் செய்பவர்களுக்குச் சரக்கு வேன் ஒன்று. இரண்டையும் நிறுத்திவிட வேண்டும் என்கிறது நிர்வாகம். முடிவு சொல்ல வேண்டியவர்கள் மூவர். இருவர் சரி என்றுவிட்டார்கள். மூவரும் ஒத்தால்தான் வேன் செய்யும் பட்டறையை மூட முடியும். மூன்றாமவன் நான். இன்று மாலை போன் வரும்.”

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

சிவசைலம் தரையைப் பார்த்தார்.

தூணருகே சக்கர நாற்காலியில் இருந்த அவருடைய அக்கா மங்கையர்க்கரசி தொண்டையைச் செருமினார். இளம்பிள்ளைவாதம் குழந்தையிலேயே அவர் கால்களை எடுத்துக்கொண்டது. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

“அவன் நினைக்கலம்மா, பயப்படுதான். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத உத்தியோகம் அது.”

“அக்கா, கொஞ்சம் சும்மா இரு.”

“இருக்கேன். எழுந்திருச்சா ஓடப் போறேன்?”

அம்மையின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

“வேனில் நஷ்டமா, ஐயா?” என்று கேட்டார்.

“நஷ்டம் இல்லை. லாபம் குறைவு. அதே இரும்பு, அதே ஆட்கள், அதே உழைப்பு. முன்புறத்தை உயர்த்தி, சக்கரத்தைப் பெரிதாக்கி எஸ்.யு.வி. என்று நிறுத்தினால் விலை எங்கோ போய்விடுகிறது. வேன் வாங்க வருகிறவர் கதவை இழுத்துப் பார்ப்பார், இருக்கையை மடக்கிப் பார்ப்பார், பிறகு பேரம் பேசுவார். மற்றதை வாங்க வருகிறவர் கண்ணாடியில் தம்மைப் பார்த்துக்கொள்வார். பேரம் பேச மாட்டார்.”

“பத்துப் பேரைச் சுமக்கிற வண்டிக்கு மதிப்பு கிடையாது,” என்றார் அக்கா. “ஒருத்தரைச் சுமக்கிறதுக்கு மேளதாளம். ராஜாக்கள் காலத்திலயும் இதே கதைதான். தேருக்குக் கொடி, மாட்டுவண்டிக்குச் சுங்கம்.”

“மக்களுக்கே வேன் வேண்டாம் என்றாகிவிட்டது, அம்மா. ஊர் ஊராகப் போய்க் கேட்டோம். வேனில் போய் இறங்கினால் ஏதோ கூலிக்கு வந்தவர் போல இருக்கிறது என்கிறார்கள்.”

“யாரிடம் கேட்டீர்கள்?”

“கார் வாங்க வந்தவர்களிடம். ஓட்டுகிறவர்களிடம்.”

“பின்னால் உட்கார்ந்து போகிறவர்களிடம்?”

சிவசைலம் விழித்தார். “அவர்களிடம் கேட்கும் வழக்கம் இல்லை. வாங்குகிறவர் அவர்கள் இல்லையே.”

“என்கிட்டயும் கேட்டதில்லை,” என்றார் அக்கா. “வீட்டுக்குள்ளயேதான் இருந்தேன். பக்கக் கதவை இழுத்தா நாற்காலியோட ஏறிடலாம். அந்தக் கதவு இல்லேன்னா எனக்கு வாசலோட சரி. இருக்கிற வண்டி ஓடுற வரைக்கும் ஊர் பார்ப்பேன். அப்புறம் ஜன்னல் பார்ப்பேன்.”

அதை அவர் வழக்கமான கேலிக் குரலில்தான் சொன்னார். ஆயினும் சிவசைலம் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மை சிவசைலத்தின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்:

“உங்களைப் போல வேன் செய்தவர்கள் வேறு யாரும் இருந்தார்களா?”

“மூன்று கம்பெனிகள் இருந்தன. எல்லாம் விட்டுவிட்டன.”

“கடைசியாக விட்டவர் ஏன் விட்டார்?”

“முந்தைய இருவரும் விட்டதால். தனியாக நிற்க யாருக்குத் துணிவு வரும்?”

“அவருக்கு முந்தையவர்?”

“முதலாமவர் விட்டதால். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எங்கள் தொழிலில் எல்லாருமே பேசிக்கொண்டோம்.”

“முதலாமவர்?”

“தெரியாது, அம்மா. ஏதாவது காரணம் இருந்திருக்கும்.”

“நீங்கள் கேட்டதில்லையா?”

“போட்டியாளரிடம் போய் யாராவது கேட்பார்களா? அவர் போவதைப் பார்த்தோம். அதுவே போதுமானதாக இருந்தது.”

அம்மை தலையசைத்தார். அது சம்மதமா, வேறு ஏதாவதா என்று சிவசைலத்துக்கு விளங்கவில்லை.

“எங்கள் கம்பெனியில் தேவசகாயம் என்று ஒருவர் இருந்தார்,” என்றார் சிவசைலம், யாரும் கேளாமலே. “வேனை நிறுத்தக் கூடாது என்று சென்ற ஆண்டு கூட்டத்தில் பேசினார். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. கொஞ்ச நாளில் அவருடைய இருக்கையை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். பிறகு அவர் வரவில்லை.”

சொல்லிவிட்டு உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், அம்மா. நீங்கள் சொன்னால் செய்துவிடுகிறேன்.”

“மாலைத் தியான அமர்வுக்கு நேரமாயிற்று,” என்று பூரணத்தம்மை எழுந்தார். “வாருங்கள். உட்காருவோம்.”

*

கூடத்து வாசலில் மடத்துக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் நல்லபெருமாள் நின்றிருந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு அவ்விடத்து வழக்கத்தைச் சொல்வது அவர் பொறுப்பு.

“இங்க சாயந்தரமானா யானை இறங்கும், ஐயா. சத்தம் கேட்டா மிரளும். போன மாசம் தெற்குச் சுவரைத் தள்ளிட்டுப் போச்சு. அதனால, ஒருத்தர் சத்தமில்லாம எழுந்து வெளிய போனா, மத்தவங்களும் சத்தமில்லாம எழுந்து பின்னால இருக்கிற கல்மண்டபத்துக்குப் போயிரணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது.”

“கேட்டால் என்ன?”

“கேக்கறதுக்கு வாயைத் திறக்கணும்லா?”

கூடத்தில் அனைவரும் தரையில்தான் அமர வேண்டும். இரண்டு பெண்கள் மங்கையர்க்கரசியைத் தாங்கி இறக்கி, பாயில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார்கள். நாற்காலியைக் கூடத்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

சிவசைலம் அக்காவின் அருகில் அமர்ந்தார். அமர்வுக்குக் கைபேசி ஆகாது. அவர் அதை வைத்துவிட்டு வரவில்லை. இடுப்பில் செருகியிருந்தார். அழைப்பு வந்து எடுக்காமல் போனால் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம்.

விளக்கு ஒன்றுதான். மலையிலிருந்து இருள் முன்னதாகவே இறங்கிவிட்டது. ஏறத்தாழ இருபது பேர் கண்களை மூடிக்கொண்டிருந்தார்கள். சிவசைலம் மட்டும் பாதி மூடியிருந்தார்.

வெளியே மரக்கிளை ஒன்று முறிவது போலக் கேட்டது. அல்லது கேட்டதாகத் தோன்றியது.

நல்லபெருமாள் சட்டென்று எழுந்தார். ஓசையே இல்லாமல், விறுவிறுவென்று வெளியேறினார்.

வாசலருகே இருந்தவர் கண் திறந்தார். எழுந்தார். அவருக்கு அடுத்தவர் எழுந்தார். பிறகு ஒரு வரிசை முழுவதும் எழுந்தது. பாய்கள் நெரியும் ஒலியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒருவர் முகத்தில் இருந்த கலவரம் அடுத்தவர் முகத்துக்குத் தாவியது. விளக்கின் சுடர், ஆட்கள் கடந்து போகும் காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது.

 சிவசைலத்தின் கால்கள் தாமாகவே எழுந்தன. முன்னால் போன முதுகைப் பார்த்துக்கொண்டே போனார். முற்றத்தின் இருட்டைக் கடந்தார். கல்மண்டபத்தில் ஏறினார். இரு புறமும் தோள்கள் நெருக்கின. அந்த நெருக்கம் இதமாக இருந்தது.

மூச்சை இழுத்து விட்டார்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

“அக்கா,” என்றார்.

அது குரலாக வரவில்லை. காற்றாக வந்தது.

கூடம் எதிரே தெரிந்தது. இடையில் முற்றம் கருத்துக் கிடந்தது. முற்றத்துக்கு அப்பால் புதர்கள். புதர்களில் ஏதோ அசைந்தது போல இருந்தது. அசையாதது போலவும் இருந்தது.

ஒரு காலைப் படியில் வைத்தார்.

பக்கத்தில் நின்றவர் அவருடைய முழங்கையைப் பிடித்தார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

வலுவான பிடி ஒன்றும் இல்லை. உதறியிருக்கலாம். சிவசைலம் உதறவில்லை. ஒருவர் பிடித்துக்கொண்டாரே என்று அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி உண்டாயிற்று. அந்த நிம்மதியை உணர்ந்த கணத்தில், யானையைக் காட்டிலும் அதுவே அவரை அதிகமாக அச்சுறுத்தியது.

காலைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ. கூடத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பிறகு முற்றத்தின் மூலையில் ஓர் உருவம் நகர்ந்தது. மண்டபத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொண்டார்கள். உருவம் அருகே வந்தது.

நல்லபெருமாள். தலையில் சுருட்டிய சாக்கு.

“எல்லாரும் இங்க என்ன பண்ணுதீங்க?” என்றார்.



“நல்லபெருமாள், யானை...” என்று ஒருவர் முனகினார்.

“யானையா? எங்க?”

“நீ எழுந்து போனியே!”

“தூறல் விழுந்துச்சு. மிளகாயைக் காயப் போட்டிருந்தேன். நனைஞ்சிருமேன்னு ஓடினேன்.” சாக்கை இறக்கிவைத்தவர், கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். “ஐயையோ. வழக்கத்தை மறந்துட்டேனே!”

ஒருவர் சிரித்தார். சிரிப்பு மண்டபம் முழுவதும் பரவியது. அச்சம் நீங்கியவர்களின் அளவு மீறிய சிரிப்பு அது. “பயந்தாங்கொள்ளி, நீர்தான் முதல்ல ஓடினீர்!” “நீர் என் காலை மிதிச்சுட்டு ஓடினீரே, அது என்ன வீரமா?” என்று மாறி மாறி ஏசிக்கொண்டார்கள்.

சிவசைலம் சிரிக்கவில்லை. முற்றத்தைக் கடந்து போனார். இப்போது அதைக் கடப்பது எளிதாக இருந்தது. அந்த எளிமை அவருக்கு வெட்கமாக இருந்தது.

*

கூடத்தில் விளக்கு நிமிர்ந்து எரிந்தது.

வெறும் பாய்கள். சுவரோரம் மங்கையர்க்கரசி. அவருக்கு எதிரே, அமர்வு தொடங்கியபோது எங்கே இருந்தாரோ அங்கேயே பூரணத்தம்மை.

சிவசைலம் அக்காவின் முன் மண்டியிட்டார்.

“யானை வந்துச்சா, சைலம்?”

“இல்லை, அக்கா.”

“கண்ணைத் திறந்தப்போ எல்லாரும் போயிட்டிருந்தாங்க. கையை நீட்டிப் பார்த்தேன். நீ இருந்த பாய் சூடா இருந்துச்சு.” அக்காவின் கை இன்னும் அந்தப் பாயின் மேலேயே இருந்தது. “கூப்பிடலாம்னு பார்த்தேன். சத்தம் போடக் கூடாதாமே.”

இம்முறை குரலில் கேலி இல்லை.

சிவசைலம் அந்தக் கையைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. அதைத் தம் இரு கைகளிலும் பொத்திக்கொண்டார்.  அம்மையின் பக்கம் திரும்பினார்.

“யானை வரவில்லை என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா, அம்மா?”

“தெரியாது.”

“கிளை முறியும் சத்தம் உங்களுக்கும் கேட்டதா?”

“கேட்டது.”

“அச்சமாக இல்லையா?”

“இதோ பாருங்கள்” என்று பூரணத்தம்மை கைகளை நீட்டினார். விரல்கள் இன்னமும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“அப்படியானால், எல்லாரும் எழுந்தபோது நீங்கள் மட்டும் ஏன் எழவில்லை?”

அம்மை அவரை வியப்போடு பார்த்தார்.

“உங்கள் அக்கா எழவில்லையே.”

இடுப்பில் கைபேசி அதிர்ந்தது.

சிவசைலம் அதை எடுத்தார்.  வாசலில் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

“என்ன சிவசைலம்,” என்றது மறுமுனைக் குரல். அமைதியான கூடத்தில் அது எல்லாருக்கும் கேட்டது. “நாங்கள் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தாயிற்று. உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம். எங்கே இருக்கிறீர்கள்?”

சிவசைலம் அக்காவுக்கு அருகில், தமது பாயில், மெல்ல அமர்ந்தார். உடல் முழுவதும் வியர்த்திருந்தது.

“உட்கார்ந்திருக்கிறேன், சார்” என்றார்.