பானட்டுக்குள் இருந்த பேய்

சிவசைலம் முதலாளியின் பழைய காருக்கு என்ஜினைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தவள் மெக்கானிக் மாடத்தி. ஊருக்குள் வண்டி பூனைபோல் ஓடும். சுடுகாட்டு வளைவு வந்தால் ஆயில் மீட்டர் முள் செத்து விழும். பானட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். அணைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்து கிளப்பினால் சத்தம் இருக்காது, முள்ளும் எழுந்து நிற்கும்.

ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு முதலாளி சொன்னார்: “நீ என்ஜின் கட்டலை, பேயைக் கட்டி வச்சிருக்கே. அதைப் பிடிச்சு என் கையில கொடு. இல்லேன்னா என் இடத்துல இருக்கிற ஷெட்டைக் காலி பண்ணு.”

“நடுவுல யாராவது பானட்டைத் திறந்தீங்களா முதலாளி?”

“நான் தொடவே இல்லை.”

மாடத்தி வண்டிக்கடியில் படுத்து, என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினாள். ஆயில் உறிஞ்சும் சல்லடையில் முடிபோல் ஏதோ சுற்றியிருந்தது. மந்திரித்த கயிறு, நுனியில் தாயத்து. ஊர் தாண்டி வேகமெடுத்தால் இழுபட்டுச் சல்லடையை அடைக்கும், ஆயில் கிடைக்காமல் என்ஜின் தட்டும்; நின்றால் நழுவும். அவள் அதை யாருக்கும் காட்டாமல் துணியில் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

“பேய் மாட்டிக்கிச்சு. உள்ளே போட்டவங்க வாங்கினா அடங்கிரும். வேற யார் வாங்கினாலும் அவங்க வீட்டுக்கே வந்து கதவைத் தட்டும். நீங்க கையில கேட்டீங்களே, பிடிங்க.”

துணியிலிருந்து கறுப்பாகச் சொட்டியது. முதலாளி நீட்டிய கை பின்னால் போனது.

“நான்தான் போட்டேன்,” என்றார் முதலாளி. “கண்ணு படக் கூடாதுன்னு ஆயில் ஊத்துற வாயில போட்டேன்.”

மாடத்தி துணியை அவர் கையில் வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“பேயைப் பிடிச்சாச்சு. பேசவும் வச்சாச்சு.”