இரண்டாவது மைக்

ஊடகத் தொடர்பியல் துறைத் தலைவர் எபனேசர், முன்பு தம் ஆய்வுக்கு நெறியாளராக இருந்த யூஜினாவைத் தேடிக் கல்லூரி வானொலி நிலையத்துக்கு வந்தார். பணி ஓய்வுக்குப் பின் அந்த நிலையத்தை நடத்திவந்தவர் யூஜினாதான்.

நேர்காணல் பாடத்தை இனி வேறு எவரேனும் நடத்தட்டும் என்று இறுதியாண்டு மாணவர்கள் முதல்வரிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். பாடத்திட்டம் எபனேசர் வகுத்தது; பாடநூலும் அவர் எழுதியது. மறுநாள் காலை அவர் முதல்வருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். பாடம் கைமாறிப் போனால், பேராசிரியர் பதவி உயர்வுக் குழுவின் முன் எந்த முகத்தோடு போய் உட்காருவது?

"என் வகுப்பில என்ன குறை, மேடம்?"

"உங்க ஆய்வேட்டுல கையெழுத்துப் போட்டவ நான். குறை அங்கேயே ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார் யூஜினா.

எபனேசருக்குச் சிரிப்பு வரவில்லை.

நிகழ்ச்சிப் பதிவுக்காக அங்கே வந்திருந்த ஆவுடைச்செல்வியை யூஜினா கூப்பிட்டார். மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. இருவரையும் பதிவறையில் எதிரெதிரே உட்காரவைத்து, ஆளுக்கொரு மைக்கை முன்னால் நகர்த்தினார்.

"ஏன் மனு எழுதிக் கொடுத்தாங்கன்னு அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

எபனேசர் கேட்டார். குரலில் கோபம் தொனிக்காதபடி பார்த்துக்கொண்டார். பாடம் கடினமானது என்பதைத் தாமே ஒப்புக்கொண்டார். களப்பணி கொஞ்சம் அதிகம்தான் என்றார். அந்தக் காலத்தில் ஒரே ஒரு பேட்டிக்காகத் தாம் அலைந்த அலைச்சலை விவரித்தார். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை குறைவு என்பதையும் வலிக்காமல் எடுத்துச் சொன்னார். அவள் தலையசைத்துக்கொண்டே இருந்தாள். பேசி முடித்தபோது அவருக்கு மனம் இலேசாகியிருந்தது.

"நல்ல பொண்ணு. மனசுவிட்டுப் பேசிட்டா" என்றார் வெளியே வந்து. "நாளைக்கு முதல்வர்கிட்ட என்ன சொல்லணும்னு தெரிஞ்சுபோச்சு."

"பதிவையும் ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க."

யூஜினா ஹெட்போனை நீட்டினார். அங்கே ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகும். எபனேசரின் பதிவை நிறுத்திவைத்துவிட்டு, மாணவியின் பதிவை மட்டும் ஓடவிட்டார்.

"ஆமா சார்."

பிறகு நெடுநேரம் பேச்சில்லை. நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. அடியில் எங்கோ, பக்கத்து வீட்டு வானொலியைப் போல, மங்கலாக ஓர் ஆண்குரல்.

"இல்ல சார், அது வந்து..."

மறுபடியும் பேச்சில்லை. ஒரு செருமல். நாற்காலியின் கிரீச்சொலி.

"சரி சார்."

எபனேசர் பொறுத்துப் பார்த்தார். ஹெட்போனின் வயரை அசைத்துப் பார்த்தார். ஒலியைக் கூட்டிப் பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

"மேடம், அந்தப் பொண்ணோட மைக் வேலை செய்யலபோல இருக்கே."

யூஜினா கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தார்.

"மைக் நல்லாத்தான் இருக்கு, எபனேசர். அவளும் இன்னும் அங்கதான் உட்கார்ந்திருக்கா."