மூக்காயி வீட்டு நீர்நாய்க்குட்டி

மழை வழிதவறிப் போன ஓர் ஆண்டு அது. ஒரு காட்டில், ஓடைக்கரைப் பாறைக் குகையில், இரண்டு கரடிகள் குடும்பம் நடத்தி வந்தன, குழந்தைகளே.

மனைவியின் பெயர் மூக்காயி. மனம் முழுக்கப் பாசம் அவளுக்கு. கணவன் தொப்பளான். மனைவி எது கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். அவர்கள் ஓர் ஆமையை வளர்த்தார்கள். அதற்கு உருண்டை என்று பெயர். உருண்டை வாயைத் திறந்து தனக்கென்று எதையும் கேட்காது.

முன்பு அந்த வீட்டில் செவலை என்று ஒரு கீரியும் இருந்தது. குட்டியாக வந்து, வளர்ந்து, வயதாகி, போன மழைக்காலத்தில் மூக்காயியின் மடியிலேயே கண்ணை மூடிவிட்டது.

செவலை இருந்தபோது அந்தக் குகையில் சத்தத்துக்குக் குறைவே இல்லை. மூக்காயி புற்றுகளைக் கிளறிவிட்டுத் திரும்பி வரும் ஓசை கேட்டால் போதும், வாசலுக்கு ஓடி வரும். அவள் கழுத்தில் தாவி ஏறும். அடர்ந்த முடிக்குள் முகத்தை நுழைத்து உண்ணிகளைப் பொறுக்கும். அவளுக்குக் கூச்சம் தாங்காது. "போதும்டா, விடுடா!" என்று உருண்டு உருண்டு சிரிப்பாள். தொப்பளான் காய வைத்திருக்கும் இலுப்பைப் பூவை அது திருடித் தின்றுவிட்டு, கிறங்கிப் போய் உருண்டையின் ஓட்டின் மேல் குப்புறப் படுத்துத் தூங்கும். உருண்டையோ, அது விழுந்துவிடக் கூடாதே என்று அசையாமல் நிற்கும்.

இப்போதும் வாசலுக்கு வந்தால் மூக்காயி தன்னை அறியாமல் கழுத்தைத் தாழ்த்துவாள். ஏறுவதற்கு யாரும் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வரும்.

அந்தக் கோடையில் ஓடை வற்றிவிட்டது. குகைக்கு எதிரே ஒரு பாறைக்குழியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. கறையான்கள் மண்ணுக்குள் ஆழமாகப் போய்விட்டன. நாவல் மரம் காய்க்கவில்லை. தொப்பளான் தினமும் வெகுதூரம் நடந்து, கிடைத்ததைக் கொண்டு வந்தான். வீட்டில் சேமிப்பு என்று இருந்தது உலர்ந்த இலுப்பைப் பூக் குவியல் ஒன்றுதான்.

ஒரு காலையில் தந்திரக்கார நரி ஒன்று அந்தப் பக்கம் வந்தது. அதன் வாயில் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் பேசியது.

"மூக்காயி அக்கா! செவலை போனதிலிருந்து நீங்கள் சிரித்தே யாரும் பார்க்கவில்லையாமே. காடே பேசிக்கொள்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. இதோ பாருங்கள்" என்று குட்டியை முன்னால் தள்ளியது நரி.

"நீர்நாய்க்குட்டி அல்லவா இது?" என்றாள் மூக்காயி.

"கீரிக்கும் இதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம், அக்கா? அதே நிறம், அதே துறுதுறுப்பு. பாவம், தாயில்லாப் பிள்ளை."

குட்டி அங்கும் இங்கும் முகர்ந்து பார்த்தது. பிறகு தத்தித் தத்தி வந்து மூக்காயியின் காலைப் பிடித்துக்கொண்டு ஏறியது. தோளுக்குப் போனது. கழுத்து முடிக்குள் சில்லென்ற மூக்கை நுழைத்தது.

மூக்காயி கழுத்தை இன்னும் தாழ்த்திக் கொடுத்தாள்.

"பதிலுக்கு எனக்கு எதுவும் வேண்டாம். அந்த இலுப்பைப் பூ இருந்தால் கொடுங்கள், போதும்" என்றது நரி. "இப்போதே கொடுக்க வேண்டும் என்பதில்லை. குட்டி இங்கேயே இருக்கட்டும். பிறை முளைக்கும்போது வருகிறேன். வேண்டாம் என்றால் தூக்கிக்கொண்டு போகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் கழுதைப்புலி வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வளர்க்கக் கேட்கிறார்களா, வேறு எதற்காவது கேட்கிறார்களா என்றெல்லாம் நான் விசாரிப்பதில்லை."

நரி போய்விட்டது. குட்டியை அங்கே விட்டுவிட்டால் பிறகு மூக்காயியால் பிரிய முடியாது என்று அதற்குத் தெரியும்.

தொப்பளான் வந்ததும் மூக்காயி கேட்டாள்: "என்னங்க, இதை நாம் வைத்துக்கொள்ளலாமா? நம்மால் முடியுமா?"

தொப்பளான் வற்றிய ஓடையைப் பார்த்தான். பாறைக்குழியைப் பார்த்தான். கடைசியில் மனைவியின் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"இத்தனூண்டு குட்டி. இது என்ன பெரிதாகத் தின்றுவிடப் போகிறது?" என்றான்.

உருண்டை தலையை வெளியே நீட்டி எதையோ சொல்ல வந்தது. பிறகு சொல்லாமலே உள்ளே இழுத்துக்கொண்டது.

குகையில் மறுபடியும் சத்தம் வந்தது. குட்டி கூழாங்கற்களை உருட்டி விளையாடியது. தொப்பளானின் வயிற்றின் மேல் ஏறிச் சறுக்கியது. மூக்காயி ஒரு நாள் அதை, "செவலை, இங்கே வாடா!" என்று வாய்தவறிக் கூப்பிட்டாள். பிறகு அதுவே பெயராகிவிட்டது.

ஆனால் பழைய செவலை தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். வெட்டுக்கிளியோ தேளோ, எது கிடைத்தாலும் தின்னும். இந்தக் குட்டிக்கு மீன் வேண்டும். தின்று முடித்த சிறிது நேரத்தில் மறுபடியும் மீன் வேண்டும். உடம்பு நனைய நீந்த வேண்டும். பாறைக்குழியில் இருந்த கெண்டைக் குஞ்சுகள் சீக்கிரமே தீர்ந்தன. அதன் பிறகு நண்டுகளும் தீர்ந்தன. குட்டி உள்ளே விழுந்து புரண்டதில் தண்ணீர் வழிந்து, மிச்சம் சேறாகிப் போனது.

உருண்டை அந்தக் குழியின் பாசியைத் தின்று, அதன் தண்ணீரில் கிடந்துதான் உயிர் பிழைத்து வந்தது. இப்போது அது குகையின் மூலையில், ஓட்டுக்குள் சுருங்கிக் கிடந்தது.

"என்னங்க, நீங்கள் சாப்பிடவில்லையா?" என்று மூக்காயி கேட்டால், "வழியிலேயே தின்றுவிட்டேன்" என்பான் தொப்பளான். அவளும் தன் பங்கைக் குட்டியின் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்கும் பசியில்லை" என்பாள்.

குட்டி காலையில் எழுந்ததும் ஓடையின் வறண்ட மணலில் போய் நிற்கும். கீச்சென்று சீட்டியடிக்கும். பிறகு காதை நிமிர்த்திக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நிற்கும். அதுவும் ஒரு விளையாட்டு என்று மூக்காயி நினைத்துக்கொண்டாள்.

ஒரு நண்பகலில் மலைச்சரிவிலிருந்து தடதடவென்று ஓசை கேட்டது. மூக்காயி ஓடினாள். செங்குத்துப் பாறையின் அடியில் தொப்பளான் விழுந்து கிடந்தான். மேலே தேனடையைச் சுற்றித் தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன.

"இந்தப் பாறையில் எத்தனை முறை ஏறியிருக்கிறீர்கள்! என்ன ஆயிற்று?"

"கை நடுங்கிவிட்டது, மூக்காயி. பிடி நழுவிவிட்டது."

"ஏன் நடுங்கியது? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?"

தொப்பளான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வழியில் தின்றேன் என்றீர்களே!"

"வழியில் என்ன இருக்கிறது, தின்பதற்கு?" என்றான் அவன் மெதுவாக. "முடியாது என்று முதல் நாளே எனக்குத் தெரியும். ஆனால் நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை."

அவனைத் தாங்கிப் பிடித்துக் குகைக்கு அழைத்து வந்தாள் மூக்காயி. மூலையில் கிடந்த உருண்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஓடு லேசாக இருந்தது. கண்கள் வறண்டு, குழி விழுந்திருந்தன.

"நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உருண்டை!"

"சொன்னால், புதிதாக வந்த குட்டியின் மேல் எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன், அம்மா" என்றது ஆமை.

மூக்காயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குட்டி வந்து மடியில் ஏறியது. அப்போதுதான் அதை அவள் சரியாகப் பார்த்தாள். அதுவும் மெலிந்திருந்தது. தண்ணீரில் பளபளக்க வேண்டிய முடி புழுதி படிந்து திரிதிரியாக நின்றது.

'இது செவலை இல்லை' என்று நினைத்தாள். 'செவலை இருந்த நாளில் இந்த வாசலில் ஓடை சலசலத்து ஓடியது. மரமெல்லாம் தேன் இருந்தது. நாவல் பழம் மிதிபட்டு வீணாகும் அளவுக்குக் கொட்டிக் கிடந்தது. எனக்குச் செவலை நினைவிருந்தது, ஓடை மறந்துவிட்டது.'

குட்டி மடியிலிருந்து இறங்கி, மணலில் நின்று சீட்டியடித்தது. காதை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தது.

இந்த முறை மூக்காயியும் அதோடு சேர்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். 'யாருமே இல்லாத பிள்ளை இப்படிக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்குமா?'

வானத்தில் பிறை தெரிந்த அன்று மாலை நரி வந்தது.

"என்ன அக்கா, குட்டி ஒட்டிக்கொண்டதா? பூவை எடுத்துக்கொள்ளட்டுமா?"

"எடுத்துக்கொள், தம்பி" என்றாள் மூக்காயி. "ஆனால் ஒரே ஒரு குறை. தனிக்குட்டி அல்லவா, ஏங்கிப் போகிறது. இதே சாயலில் இன்னொன்று கிடைக்குமா? கிடைத்தால் தேனும் சேர்த்துத் தருகிறேன்."

தொப்பளான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். நரிக்கோ தேன் என்றதும் நாக்கில் நீர் ஊறியது.

"ஓ, கிடைக்குமே! ஓடை போய்ச் சேரும் கருமடுவில், மருத மரத்து வேர்ப்பொந்தில் இன்னும் இருக்கின்றன. கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். இது காணாமல் போனதிலிருந்து அந்தத் தாய்க்காரி கரையை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள். கத்திக் கத்தித் தேடுகிறாள். அவள் கொஞ்சம் அசந்தால்…"

நரி சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"தாயில்லாப் பிள்ளை என்றாயே?" என்றாள் மூக்காயி.

"அது… அக்கா, நான் சொல்ல வந்தது…"

மூக்காயி இரண்டு கால்களில் எழுந்து நின்றாள். பசியால் இளைத்திருந்தாலும் கரடி கரடிதானே! அவள் போட்ட சத்தத்தில் மரத்தில் அடைந்த பறவைகள் எல்லாம் கலைந்து பறந்தன. நரி விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. அதன் பிறகு அந்தப் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே மூக்காயி புறப்பட்டாள். இலுப்பைப் பூவைத் தொப்பளானுக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். குட்டியைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டாள். உருண்டையையும் ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்னை எதற்கு அம்மா தூக்குகிறீர்கள்?" என்றது ஆமை.

"மழை வரும்வரை நீயும் கருமடுவில் இரு. அங்கே தண்ணீர் வற்றாது. ஓடை ஓடத் தொடங்கியதும் வந்து அழைத்துக்கொள்கிறேன்."

"வருவீர்கள் அல்லவா?"

"வராமல் எங்கே போவேன்?"

வறண்ட ஓடையில், சுடும் கற்களின் மேல் அவள் நடந்தாள். வழியெல்லாம் குட்டி அவள் கழுத்து முடியைப் பற்றிக்கொண்டு தூங்கியது. அந்தச் சின்ன மூச்சு காதோரம் பட்டது. திரும்பிவிடலாமா என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. கால்களை நிறுத்தாமல் நடந்தாள்.

கருமடு வந்தது. மரங்களின் நிழலில் தண்ணீர் கறுத்து, ஆழமாகக் கிடந்தது. தண்ணீரின் வாடை எட்டியதும் குட்டி விழித்துக்கொண்டது. சீட்டியடித்தது.

எதிர்க்கரையிலிருந்து பதில் வந்தது.

அடுத்த கணம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய நீர்நாய் வந்தது. குட்டி மூக்காயியின் முதுகில் சறுக்கி, தண்ணீரில் தொப்பென்று குதித்தது. தாய் அதைப் பிடித்து நக்கினாள். புரட்டினாள். மறுபடியும் நக்கினாள். பிறகு நிமிர்ந்து கரடியைப் பார்த்தாள்.

"யார் அம்மா நீ?"

"உன் பிள்ளையைக் கொஞ்ச நாள் பட்டினி போட்டவள்" என்றாள் மூக்காயி. "தெரியாமல் செய்துவிட்டேன். மருத மரத்துப் பொந்து நரிக்குத் தெரியும். இடத்தை மாற்றிக்கொள்."

உருண்டை மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது. அதன் கண்கள் பளிச்சென்று திறந்தன. தாய் நீர்நாய் மூழ்கி, வாய் நிறைய மீனோடு வந்து கரையில் போட்டாள். குட்டி அதற்குள் உடன்பிறப்புகளோடு ஆழத்துக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

மூக்காயி மீன்களை இலையில் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். குகை அமைதியாக இருந்தது. தொப்பளான் அவள் வெறும் கழுத்தைப் பார்த்தான்.

அவள் மீனை இரண்டு பங்காக வைத்தாள். தன் பங்கை அவன் பக்கம் தள்ளப் போனாள்.

"கூடாது" என்றான் தொப்பளான். வாழ்நாளிலேயே அவளிடம் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. "உன் பங்கை நீ தின்னு. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

மூக்காயி அழுதுகொண்டே தின்றாள். தின்னத் தின்னத்தான், தனக்கு எவ்வளவு பசித்திருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது.

நீதி: ஓர் உயிரை வீட்டில் சேர்ப்பதற்கு முன் நம் ஆசை பெரிதா என்று மட்டும் பார்த்தால் போதாது, வீட்டில் உள்ளது எல்லோருக்கும் போதுமா என்றும் பார்க்க வேண்டும்.