டோலிக்கு ஒரு தோள்

காளியப்பனைச் சீடன் என்று யாராவது சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். அவருக்கு வயது நாற்பத்தேழு. குருவோ அவரைவிடப் பதினைந்து வயது இளையவர், மலைப்பள்ளிக்கூடத்து யாழினி டீச்சர். நாற்பது வயதில் அவரிடம் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தவர், அப்புறம் அந்தப் பள்ளிக்கூடக் கொட்டகையை விட்டு நகரவே இல்லை.

அந்த மலையில் ரோடு கிடையாது. மூங்கில்பாறையிலிருந்து வரும் பாதையும் சுனைக்காட்டிலிருந்து வரும் பாதையும் பள்ளிக்கூடத்தருகே ஒன்றாகி அடிவாரம் இறங்கும். காலையில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பார்கள். மாலையில் டீச்சர் பெரியவர்களுக்கு டோலி தூக்கக் கற்றுக்கொடுப்பார். மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, நோயாளியைக் கிடத்தி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுத்து இறக்க வேண்டும்.

அந்த வருஷம் திருவிழாவில் இரண்டு ஊருக்கும் ஒரு தகராறு. மூங்கில்பாறையில் படை திரட்டினார்கள். விடிந்ததும் நூறு பேர் கம்போடு, இடது வலது என்று ஒரே கால் வைத்து நடப்பார்கள். சுனைக்காட்டான் எதிரி என்று படைத்தலைவர் சொன்னால் நூறு வாயும் அதையே சொல்லும். முதல் வரிசையில் காளியப்பனின் தம்பி செங்கோடன். அவர் தோளில் தூக்கி வளர்த்த தம்பி.

"வெள்ளிக்கிழமை சுனைக்காட்டுக்குள்ள புகுந்து கொளுத்தப் போறாங்க டீச்சர். ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு, அவங்க மலையேறி வர்றது நிச்சயமில்ல. என் தம்பிக்காவது நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க."

டீச்சர் மூங்கிலில் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி என்ன உயரம் இருப்பாரு, காளியண்ணா?"

"உயரமா? ஆறடிக்கு ரெண்டு விரல் கம்மி. எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

காளியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலை போகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது!

வியாழக்கிழமை காலை செங்கோடனே பள்ளிக்கூடத்துக்கு வந்தான், கையில் கம்போடு.

"எங்க ஊர்ப் பிள்ளைங்க இனிமே இங்க வராது. கொட்டகையைப் பூட்டுங்க."

காளியப்பன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சுனைக்காட்டுப் பாதையில் ஒரு டோலி வந்தது. முன்னால் சுனைக்காட்டுப் பொன்னன். தொட்டிலில் அவன் மனைவி, விடியற்காலையிலிருந்து பிரசவ வலி. பின்னால் தூக்கி வந்தவனுக்குப் பாறையில் சறுக்கிக் கணுக்கால் பிசகியிருந்தது. இனி ஒரு அடி முடியாது என்று உட்கார்ந்துவிட்டான்.

காளியப்பன் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். பொன்னன் நெட்டை, இவர் குட்டை. மூங்கில் சாய்ந்தது. கம்பளிக்குள் அந்தப் பெண் சரிந்து அலறினாள். இறக்கி வைத்தார்கள்.

டீச்சர் செங்கோடனைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பக்கம் பிடிங்க."

"நானா? இவனுக்கா?"

"மூங்கில் சாயாம இருக்கணும். நீங்கதான் அவர் உயரம்."

"அண்ணா, யாராவது தூக்குங்களேன்!" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. செங்கோடன் கம்பைக் கீழே போட்டான்.

ஆனால் அது படையில் பழகிய கால். பொன்னன் இடது வைத்தால் அவனும் இடது வைத்தான். தொட்டில் குதித்தது. அவள் மறுபடி அலறினாள்.

"ஒரே கால் போடாதய்யா!" பொன்னன் கத்தினான். "நான் இடது வச்சா நீ வலது வை. அப்பத்தான் ஆடாது!"

நாலு அடி சரியாக வரும், ஐந்தாவது அடியில் கால் பழையபடி படைக்கே போய்விடும். கடைசியில் செங்கோடன் பொன்னனின் கால்களையே பார்த்து, மாற்றி மாற்றி ஊன்றி நடந்தான். தண்ணீர்ச் செம்போடு பின்னால் போன காளியப்பன் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டாவது வளைவில் அலறல் முனகலாகத் தணிந்தது.

டீச்சர் போன் பண்ணி வரவழைத்த ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் நின்றது. அது போனபிறகும் செங்கோடன் ஊருக்குத் திரும்பவில்லை. ரோட்டோரத்தில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் காளியப்பனின் போன் அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்து பொன்னன். பெண் குழந்தை, இரண்டு உயிரும் சுகம். கேட்டதும் செங்கோடன் அண்ணன் தோளில் முகம் புதைத்து அழுதான்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் தலைவர் "நட" என்றார். செங்கோடன் வரிசையை விட்டு விலகினான்.

"நேத்துத்தான் சுனைக்காட்டுப் பிள்ளையை என் தோள்ல சுமந்தேன். அது படுக்கப்போற வீட்டைக் கொளுத்த மாட்டேன்."

என்ன விஷயம் என்று கேட்க நாலு பேர் நின்றார்கள். அவர்களைச் சுற்றிப் பத்துப் பேர். எவனோ ஒருவன் தன் அம்மாவைப் போன மழையில் டோலியில் இறக்கிய கதையை ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் படை முழுக்க டீக்கடையில் இருந்தது. மைதானத்தில் தலைவர் மட்டும் நின்றார்.

காளியப்பன் ஓட்டமாக ஓடிவந்து டீச்சரிடம் சொன்னார். சொல்லும்போதே கண் நிறைந்தது. கொட்டகையில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், நீங்க அவனுக்கு ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லலையே. அப்புறம் எப்படி?"

டீச்சர் புது மூங்கில் ஒன்றை எடுத்து, வளைவு இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"காளியண்ணா, அந்தத் தலைவர் என்ன உயரம் இருப்பாரு?"