வலி வந்த பிறகு மாட்ட வேண்டிய பேட்டரி

தூத்துக்குடியில் மச்சாது வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஞானஸ்நானத்தில் கஸ்பார், பல்தசார், மெல்கியோர் என்று, குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ஞானிகளின் பெயரை வைத்தார்கள். பெயர் வைத்த சாமியாரைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது மூன்றுமே கைக்குழந்தைகள். பார்த்தால் தெரியாது.

கடைக்குட்டி மெல்கியோரின் மனைவி எமல்டா. அவளுக்கு இது நிறைமாதம், தலைப்பிள்ளை. ஆஸ்பத்திரியோ ஊரின் மறுகோடியில். வீட்டில் இருந்ததோ டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழைய வெள்ளைக் கார். வலி வருகிற நேரத்தில் இந்த வண்டி கிளம்புமா என்ற ஒரே பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் சிக்கந்தர் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார். "பேட்டரி பழசு. முனையெல்லாம் வெள்ளையா பூத்திருக்கு. சுரண்டிட்டு வாசலின் தடவுங்க. தினமும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. முடியலன்னா மாத்திருங்க."

சொன்னபடியே செய்தார்கள். முனையில் தடவியது போக டப்பாவில் நிறைய வாசலின் மிஞ்சியது. வீணாக்க மனமில்லாமல் கியர் கம்பியிலும் ஸ்டியரிங்கிலும் தடவினார்கள். பிறகு பல்தசார் சாவியைத் திருகினான். கிளம்பியது. உடனே அணைத்தான்.

"எனக்குத் திருப்தியில்ல" என்றான் மூத்தவன் கஸ்பார். "நீ பார்த்தே. நான் பார்க்கலல்லா?"

அவனும் பார்த்தான். மெல்கியோரும் பார்த்தான். அன்று முழுக்க எமல்டா பெருமூச்சு விட்டால் போதும், ஒருவன் ஓடிப்போய் ஸ்டார்ட் செய்து, "கிளம்புது தாயி, பயப்படாதே" என்று அணைத்துவிட்டு வருவான். எமல்டா பெருமூச்சை அடக்கிப் பார்த்தாள். நிறைமாதத்தில் அது எங்கே முடிகிறது? சாயங்காலம் சாவியைத் திருகினால் டிக் என்றொரு சத்தம்தான் வந்தது.

"காலையிலருந்து நல்லாத்தான இருந்துச்சு" என்றான் பல்தசார், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

பேட்டரிக் கடைக்குப் போன் செய்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றார்கள். வண்டியோடு வாருங்கள், இங்கேயே மாட்டித் தருகிறேன் என்றார் கடைக்காரர். மறுநாள் காலை தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தது மெல்கியோருக்கும் எமல்டாவுக்கும் மட்டும். இருவரில் தள்ளத் தெம்புள்ளவன் மெல்கியோர். ஆகவே எமல்டா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். வயிறு ஒரு பக்கம் இடித்தது, வாசலின் ஒரு பக்கம் வழுக்கியது.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன இறக்கம். எமல்டா இரண்டாவது கியரைப் போட்டு கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கிளம்பிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

கஸ்பார் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு."

"ஏன் அத்தான்? நல்லா ஓடுதே."

"அதான் தப்பு. கடைக்காரர்ட்ட ஸ்டார்ட் ஆகலன்னு சொல்லியிருக்கோம். ஓடுற வண்டியில போய் இறங்கினா, மச்சாது குடும்பம் பொய் சொல்லுதுன்னு ஆயிராதா?"

குடும்ப மானம். அவள் ஆஃப் செய்தாள். மீதித் தூரத்தையும் தள்ளினார்கள்.

கடைக்காரர் அளவு பார்த்து, பிளஸ் எந்தப் பக்கம் என்று பார்த்து, புது பேட்டரியை எடுத்து வைத்தார். "மாட்டுற நாள்லருந்து கேரண்டி ஆரம்பம்" என்று சொல்லி ஸ்பேனரை எடுத்தார். கஸ்பார் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னைக்கே மாட்டினா கேரண்டி இன்னைக்கே ஓட ஆரம்பிச்சிருமே?"

"ஆமா."

"பிள்ளை பிறக்க நாள் கிடக்குல்லா? அதுவரைக்கும் கேரண்டி சும்மா கரையுமே."

"வலி வந்தப்புறம் மாட்டுவோம்" என்றான் பல்தசார். "ஒரு நாள்கூட வீணாகாது."

மெல்கியோர் அண்ணன்களைப் பெருமையோடு பார்த்தான். எமல்டாவுக்கே ஒரு நிமிஷம் அது நியாயமாகப் பட்டது. இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது அல்லவா? கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூன்று முகங்களையும் பார்த்துவிட்டுக் கணக்கை முடித்து அனுப்பினார். வீடுவரை மறுபடி தள்ளினார்கள். புது பேட்டரி பின் சீட்டில் சொகுசாக வந்தது.

வலி ஒரு வெள்ளிக்கிழமை, மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்தது. எமல்டா சுவரைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, வலிக்குது" என்றாள்.

மெல்கியோர் முகம் மலர்ந்தது. "பெரியண்ணே, பேட்டரிக்கு நேரம் வந்துட்டு."

கஸ்பார் ஸ்பேனரோடு வந்தவன் நின்றான். "பொறு. பொய் வலின்னு ஒண்ணு உண்டாமே. பொய் வலிக்கு மாட்டிட்டா?"

"அதானே" என்றான் பல்தசார். "தாயி, நிதானமா யோசிச்சுச் சொல்லு. இது அசலா?"

"அசல்தான் அத்தான்" என்றாள் எமல்டா பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதுக்கும் இன்னொண்ணு வரட்டும்" என்றான் கஸ்பார்.

இன்னொன்று வந்தது. அவள் போட்ட சத்தத்தில் மூவரும் நம்பி, பானெட்டைத் திறந்தார்கள். பழைய பேட்டரியில் மைனஸை முதலில் கழற்ற வேண்டும் என்று சிக்கந்தர் சொல்லியிருந்தார். எது மைனஸ் என்று தெரியவில்லை. வாசலின் அப்பிக் குறியே மறைந்திருந்தது. மூன்று தலையும் உள்ளே போயின.

எமல்டா பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். வந்த ஆட்டோவை நிறுத்தினாள். "என்னங்க, நான் போறேன்."

"சரி" என்றது பானெட்டுக்குள்ளிருந்து மெல்கியோரின் குரல். "கேட்டைச் சாத்திட்டுப் போ. கோழி வெளிய போயிரும்."

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பொழுது சாய்கிற வேளையில் மெல்கியோரும் பல்தசாரும் வியர்த்து விறுவிறுக்க வார்டுக்குள் நுழைந்தார்கள். மெல்கியோர் மகளைப் பார்த்தான். கை முழுக்கக் கருப்பு மசகு. அதனால் தொடாமல் முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். எமல்டாவுக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் இளகிப்போயிற்று.

"வண்டி என்னாச்சு?" என்றாள் மெதுவாக.

"ஒரே திருகு. சிங்கம் மாதிரி ஓடுது."

"அதுலயா வந்தீங்க?"

"இல்ல, பஸ்ல."

"ஏன்?"

பல்தசாருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குன்னு ரெடி பண்ணின வண்டி தாயி. அதை நாங்க எடுத்துட்டு வந்துட்டா, நீ எதுல போவே?"

"பெரியண்ணன் நம்ம வீட்டு வாசல்ல வண்டிய ஆஃப் பண்ணாம உட்கார்ந்திருக்காரு, பெட்ரோல் எரியுது" என்றான் மெல்கியோர். "பிள்ளைய நர்ஸ் கொஞ்சம் பாத்துக்கிடட்டும். நீ கிளம்பு. கடைசி பஸ்ஸுக்குள்ள வீட்டுக்குப் போயிட்டா, கார்ல உன்னை இங்க கொண்டாந்து சேர்த்திரலாம்."