குருட்டுக் கூழைக்கடா

பூவராகன் மடத்தைவிட்டுக் கிளம்பிவிட்டார். பை தோளில் இருந்தது.

"எட்டு மணி பஸ்ஸுக்குப் போறேன்மா. ஆசீர்வாதம் பண்ணுங்க."

உண்ணாமுலையம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் எங்களுக்கெல்லாம் அவர்தான் குரு.

"எங்கே?"

"தெரியாது. கண்ணு முக்காலும் போயிடுச்சு. மிச்சமும் போறதுக்குள்ள என்னைத் தெரியாத ஊருக்குப் போயிடணும். இங்க இருந்தா இவனுக்குத்தான் பாரம்."

இவன் என்றது என்னை. நான் சடையப்பன், மடத்துச் சமையல்காரன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் நான் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, மோர்சாதம் பிசைந்து நாற்பது நாள் ஊட்டிவிட்டவர் இந்த மனுஷன். நேற்று மதியம் இலையில் சோறு எங்கே என்று தடவிக்கொண்டிருந்தாரே என்று ஒரு வாய் உருட்டி நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். சோறு தரையில் சிதறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா அவரைத் தடுக்கவில்லை. "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஏரிக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வரலாம். சடையப்பா, பரிசலை எடு."

மார்கழிப் பனி. எது தண்ணீர், எது வானம் என்று சொல்ல முடியவில்லை. துடுப்புப் போடுகிறேன், பரிசல் நகர்கிறதா என்றே தெரியவில்லை. கருவேல மரங்கள் வேரில்லாமல் மிதந்தன. யாருடைய கனவுக்குள்ளோ வழி தப்பி வந்துவிட்டோம் போலிருந்தது.

நடுத்திட்டில் ஒரு கூழைக்கடா தனியாக உட்கார்ந்திருந்தது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

"குருட்டுப் பறவைண்ணே," என்றேன். "ஆனா நல்லாக் கொழுத்திருக்கு."

"குருடு எப்படி மீன் பிடிக்கும்?" என்றார் பூவராகன்.

"பிடிக்க முடியாது," என்றார் அம்மா. "மத்ததுங்க கொண்டுவந்து குடுக்கும்."

"பதிலுக்கு இது என்ன செய்யும்?"

"நான் பாத்து அஞ்சு வருஷமா ஒண்ணும் செய்யல."

"அதுக்கு முன்னால?"

"இதுவும் நாலு வாய்க்குக் குடுத்திருக்கும். யாரு கண்டா?"

"அது என்னிக்கோ. இன்னிக்கு உக்காந்த இடத்துல வாங்கித் தின்ன வெட்கமா இருக்காதா இதுக்கு?"

பனிக்குள்ளிருந்து இறக்கைச் சத்தம் கேட்டது. பூவராகன் தலையை நிமிர்த்தினார்.

"யாரது?"

"இன்னொரு கூழைக்கடாண்ணே. அலகுப் பை நிறைய மீன். உள்ளே துள்ளுது."

"குடுத்துடுச்சா?"

"இல்ல. குருடு வாயே திறக்கல. முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கு."

"அப்ப வந்தது போயிருக்குமே?"

"போகல. அலகால மெல்லத் தட்டுது. குருடு நகர்ந்துக்குது. இது மறுபடி கிட்டப் போகுது."

"மீனைத் தானே முழுங்கிடலாமில்ல?"

"முழுங்கவும் இல்ல."

வெகுநேரம் அப்படியே போனது.

"இன்னுமா நிக்குது?"

"நிக்குதுண்ணே. கழுத்து நடுங்குது. பாக்கவே பாவமா இருக்கு."

"எது? குருடா?"

"இல்லண்ணே. கொண்டுவந்தது."

பூவராகனின் முகம் என்னமோ ஆகிவிட்டது. பரிசலில் எழுந்து நின்றேவிட்டார். விழுந்து தொலைக்கப் போகிறாரே என்று அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"அட, வாயைத் தொறயேன்!" என்று கத்தினார். அவர் பார்த்த திசைகூடத் தப்பு. "அவ்வளவு தூரம் சுமந்துக்கிட்டு வந்து நிக்குதே, அதை நிக்கவச்சு வேடிக்கை பாக்கறியே! என்ன திமிர் உனக்கு? வாயைத் தொற!"

அந்தக் குரல் பனிக்குள் போய் அடங்கியது.

அம்மா மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு தடவை சொல்லுங்க, பூவராகன். பறவைக்கு இல்ல."