செங்கணான் கேட்ட வில்

"இருக்கிற மரத்துலயே கெட்டியானது எதும்மா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டார் செங்கணான்.

வில் செய்யும் நீலாயி மூங்கில் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சா மரம். யாருக்குங்கய்யா?"

"எனக்குத்தான். ஆறு மாசமா குறி தப்புது. பழைய வில்லு தளர்ந்துபோச்சு."

முப்பது வருடம் படைக்கு வில் கற்றுக்கொடுத்தவர் அவர். வீம்புக்காரர். வரும் பௌர்ணமிப் பந்தயத்தில் குறி தப்பினால் இனி வில்லைத் தொடமாட்டேன் என்று நாலு பேர் முன்னால் வாயை விட்டுவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. வில் இல்லாமல் பொழுதை எப்படிக் கழிப்பது என்று நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

நீலாயி பட்டறைக்குள்ளிருந்து நாணேற்றிய வில் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"ஆச்சா. அந்தப் புத்து மேல பானை இருக்கு பாருங்க. இழுத்துப் பிடிங்க. நான் சொன்னப்புறம் விடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

நீலாயி தன் பாட்டுக்குக் கதை பேச ஆரம்பித்தாள். வெள்ளாடு குட்டி போட்ட கதை. பாதியில் நிறுத்தி, "விடுங்க" என்றாள்.

அம்பு பானைக்கு மேலே எங்கேயோ போனது.

"எத்தனை குட்டின்னு சொன்னேன்?"

"என்ன குட்டி?"

"ஆட்டுக்குட்டி."

"எந்த ஆடு?"

நீலாயிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குக் கோபம் வந்தது.

"குறி பார்க்கிறவன்கிட்ட ஆட்டுக் கதை பேசினா எப்படி?"

அவள் வேறொரு வில்லை நீட்டினாள்.

"இது தடசு. லேசா வளையற மரம்."

"இதை எடுத்துக்கிட்டுப் போனா என்கிட்ட படிச்ச பசங்களே சிரிப்பானுங்க."

"இங்க சிரிக்க யாரு இருக்கா? இழுங்க."

வேண்டாவெறுப்பாக இழுத்தார்.

"மூணு குட்டிங்கய்யா. ரெண்டு செவலை, ஒண்ணு கறுப்பு. அந்தக் கறுப்புதான் ஆத்தா மடிகிட்டயே போகமாட்டேங்குது. ரெண்டு நாளா சங்குல பால் ஊத்தறேன். பிழைக்குமோ என்னவோ..."

"குடிக்குதே" என்றார் செங்கணான்.

"என்னது?"

"கறுப்புக் குட்டி. பின்னால திரும்பிப் பாரு, வேலியோரம். முட்டி முட்டிக் குடிக்குது. வாலு என்னமா ஆடுது!"

நீலாயி திரும்பிப் பார்த்தாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது அவளுக்கு. செங்கணானுக்கும் மனசு நிறைந்துபோனது. நாணைக் காதுவரை இழுத்துப் பிடித்தபடியே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

"விடட்டுமா?"

"விடுங்க."

பானை உடைந்தது. சத்தத்தில் துள்ளிய கறுப்புக் குட்டி, மறுபடியும் மடிக்கே போனது.

நீலாயி கோடரியைக் கையில் எடுத்தாள்.

"அப்போ ஆச்சாவுலயே ஒண்ணு செஞ்சிடவாங்கய்யா?"

"எந்த ஆச்சா?" என்றார் செங்கணான்.